மச்சான் மலை ஏற வருகிறான்

❓ ஆகஸ்டில் லண்டன் மச்சான் பிள்ளைகளோடு வருகிறான். சிவனொளிபாதமலைக்குக் கூட்டிப்போகலாமா?
(வெள்ளவத்தை வாசகர்)

அவனுக்கு அது கோடை. மலைக்கு அது அடைமழை. தென்மேல் பருவக்காற்று வந்து முட்டுவது அந்தச் சரிவில்தான். சீசன் டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் போயாவோடு முடிகிறது. அதன்பிறகு வழியில் விளக்கு இல்லை, தேத்தண்ணிக் கடை இல்லை. அட்டைக்கு மட்டும் விடுமுறை கிடையாது. மச்சானோடு பழைய கணக்கு ஏதும் பாக்கி இருந்தால் தாராளமாகக் கூட்டிப்போங்கள்.

❓ அப்படியானால் ஆகஸ்டில் எந்த மலைதான் ஏறுவது?
(பம்பலப்பிட்டி வாசகி)

ஊவாப் பக்கம் போங்கள். மேற்கில் மழையைக் கொட்டித் தீர்த்த காற்று பதுளைக்கு வெறுங்கையோடுதான் வரும். 2,036 மீற்றர் நமுனுகுல இருக்கிறது. அவ்வளவு மூச்சு இல்லாதவர்களுக்கு எல்ல பாறை. ஒரே தீவு, ஒரே மாதம்: ஹட்டனில் குடை, பதுளையில் தொப்பி.

❓ சிவனொளிபாதமலைக்கு எத்தனை படி?
(கொட்டாஞ்சேனை வாசகர்)

நல்லதண்ணி வழியில் ஏறத்தாழ 5,500. இரத்தினபுரி வழி இன்னும் நீளம். புண்ணியமும் கூட என்பார்கள். முழங்காலிடம் கேட்டால் வேறு சொல்லும்.

❓ ஏன் எல்லோரும் இரவில் ஏறுகிறார்கள்?
(தெஹிவளை வாசகி)

சூரியோதயம் பார்க்க. கூட்டம் கிழக்கே பார்த்துப் படம் பிடிக்கும்போது விஷயம் தெரிந்தவர் மேற்கே திரும்புவார்: மலையின் நிழல் முக்கோணமாய் விழுந்து, வெயில் ஏற ஏறச் சுருங்கும். தவிர, பகலில் ஏறினால் இன்னும் எத்தனை படி பாக்கி என்று கண்ணுக்குத் தெரிந்துவிடுமே!

❓ அந்தப் பாதம் உண்மையில் யாருடையது?
(வெள்ளவத்தை வாசகர்)

சைவர் சிவன் என்கிறார்கள், பௌத்தர் புத்தர், முஸ்லிம்கள் ஆதாம், கிறிஸ்தவர் சிலர் தோமையார். 14ஆம் நூற்றாண்டில் இபின் பதூதாவும் ஏறிப் பார்த்துவிட்டுப் போனார். நாலு பேர் உரிமை கொண்டாடும் இடம். ஏறுவது ஒரே படிக்கட்டு. உங்கள் தொடர்மாடியில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு இது நடக்குமா?

❓ உச்சியில் ஸ்வெட்டர் தேவைப்படுமா?
(கொட்டாஞ்சேனை வாசகி)

1,000 மீற்றருக்கு ஏறத்தாழ 6.5 பாகை குறையும். உச்சி 2,243 மீற்றர். உங்கள் தெருவில் 27 என்றால் அங்கே 12, 13. காற்றை இன்னும் சேர்க்கவில்லை. தண்ணீர்கூட அங்கே 92, 93 பாகையிலேயே கொதித்துவிடும். பிளேன்ரீ சப்பென்று இருந்தால் போட்டவரைத் திட்டாதீர்கள்.

❓ மலையைக் கொழும்பிலிருந்தே பார்க்க முடியாதா?
(மட்டக்குளி வாசகர்)

முடியும். நேர்கோட்டில் 70 கிலோமீற்றர் சொச்சம்தான். வானம் துப்புரவான விடியலில் மொட்டைமாடியில் நின்று கிழக்கே பாருங்கள். அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தாங்கியைக் கும்பிட்டுவிடாதீர்கள்.

❓ உச்சியில் இருக்கும் மணியை எத்தனை தடவை அடிக்கலாம்?
(வத்தளை வாசகர்)

எத்தனை தடவை ஏறினீர்களோ அத்தனை. யூடியூபில் ஏறியது சேராது.