திருடருக்கு ஒரு ஓட்டு

கேள்வி: வேட்பாளரின் ஒழுக்கத்தைப் பார்த்து ஓட்டுப் போடுவதா, கொள்கையைப் பார்த்தா?

பதில்: 1991-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக்கும் இதே தலைவலி. கவர்னர் தேர்தலில் ஒரு பக்கம் எட்வின் எட்வர்ட்ஸ்: சூதாட்டம், பெண்கள், ஊழல் புகார் என ஊரறிந்த மைனர். மறுபக்கம் டேவிட் டியூக்: கறுப்பர்களை வெறுக்கும் கு கிளக்ஸ் கிளான் அமைப்பின் முன்னாள் தலைவர். ‘திருடனுக்கே ஓட்டுப் போடுங்கள், விஷயம் முக்கியம்’ என்று காரில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள் ஜனங்கள். திருடர் சுமார் 61 சதவீதம் வாங்கி ஜெயித்தார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. கஜானாவையாவது பூட்டி வைக்கலாம். வெறுப்பை எந்தப் பெட்டியில் பூட்டுவது?

பிற்பாடு, சூதாட்டக் கப்பல் உரிமத்துக்குப் பணம் பறித்த வழக்கில் எட்வர்ட்ஸ் எட்டு வருஷத்துக்கு மேல் ஜெயிலில் இருந்தார். ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.