லைசென்ஸ் அண்ணன்

தர்மபுரி மாவட்டத்தில் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர் யார் யாரென்று கலெக்டர் ஆபீசுக்குத் தெரியும். போலீஸ் ஸ்டேஷனுக்கும் தெரியும். அவர் டீ குடிக்கிற கடைக்கு இந்த இரண்டுக்கும் முன்னாலேயே தெரியும். பாலக்கோடு பக்கமோ பென்னாகரம் பக்கமோ போய் "லைசென்ஸ் அண்ணன் வீடு" என்று விசாரித்துப் பாருங்கள், வாசல் வரை கொண்டு வந்து விடுவார்கள்.

அண்ணனுக்கு மாந்தோப்பு உண்டு, தக்காளி மண்டி உண்டு, எதிரி மட்டும் இல்லை. அந்தக் குறையை அவர் வெளியே காட்டிக்கொள்வதில்லை. "ஏண்ணா உங்களுக்குத் துப்பாக்கி?" என்று யாராவது கேட்டால், பேச்சு நேராக 2004 அக்டோபர் 18-க்குப் போய்விடும். அன்றிரவு பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்ட சத்தத்தைத் தன் காதால் கேட்டதாகச் சொல்வார். அந்தச் சத்தத்தைக் கேட்டதாகச் சொல்லாத ஐம்பது வயது ஆள் இந்த மாவட்டத்தில் கிடைப்பது கஷ்டம். அண்ணன் அன்றைக்கு டவுனில் இரண்டாம் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அண்ணிக்கு மட்டும் தெரியும்.

ஆயுதம் கான்பூரில் செய்த .32 ரிவால்வர். ஆறு குண்டு கொள்ளும், எடை சுமார் 700 கிராம். இத்தனை நாள் அதை இடுப்பில்தான் செருகி வந்தார். வேட்டியில் நிற்கவில்லை, பேண்ட்டில் தொப்பை இடித்தது. "மாமா, இப்பெல்லாம் செஸ்ட் பேக்தான்" என்று மச்சான் மகன் சொன்னதும் பை தேடும் படலம் ஆரம்பமானது.

கடைப் பையன் கேட்டான்: "என்ன வைக்கிறதுக்குங்கண்ணா?"

"ஒரு பொருள்."

"போனுங்களா?"

"அதவிட வெயிட்டு."

"டிபன் பாக்ஸுங்களா?"

அண்ணன் பதில் சொல்லாமல் கண்ணாடி முன்னால் போய் நின்றார். பையை நெஞ்சில் மாட்டி, எதிரே கொலைகாரன் நிற்பதாகப் பாவித்து ஜிப்பை வெடுக்கென்று இழுத்தார். ஜிப் உள்துணியைக் கவ்விக்கொண்டு பாதியிலேயே நின்றது. "சோப்பு தடவுனா சரியாயிடும்ணா" என்றான் பையன். கொலைகாரன் சோப்பு தடவும் வரைக்கும் பொறுப்பானா?

அடுத்த பையில் வேறு சிக்கல். துப்பாக்கியைப் படுக்க வைத்தால் குழல் இடது பக்கம் பார்க்கிறது. அண்ணன் கார் ஓட்டும்போது இடது பக்கம் உட்காருவது அண்ணி. "இந்தப் பையோட வண்டியில ஏறுனா நான் பஸ்ல வர்றேன்" என்று அண்ணி கறாராகச் சொல்லிவிட்டார். அண்ணன் இறங்கி வந்தார். குழல் கீழே பார்க்கிற மாதிரி, விசைப் பகுதியை முழுக்க மூடுகிற கெட்டியான உறை உள்ளே தைத்த பைக்கு ஆர்டர் போனது. அந்த அறையில் சாவி, சில்லறை எதுவும் போடக் கூடாது, விசையில் மாட்டினால் வினை. முதுகில் வார் குறுக்காக ஓட வேண்டும், நடக்கையில் பை ஆடக் கூடாது. வியர்வை இறங்கித் துரு ஏறக் கூடாது. ஒரு பைக்கு இவ்வளவு பார்த்தவர், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் இத்தனை விசாரிக்கவில்லை.

சட்டமும் அவர் பக்கம்தான். பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டு போனால் உறையிலோ பையிலோ வைத்து, முழுக்க மூடியே கொண்டு போக வேண்டும் என்கின்றன 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள். வெளியே எடுத்து ஆட்டிக் காட்டவும் தடை. ஆக, ஆள் கண்ணில் படாமல் வைத்திருப்பதுதான் முறை. அண்ணனுக்கு அதுதான் பெரிய இம்சை. துப்பாக்கி தெரியக் கூடாது, ஆனால் இருப்பது தெரிய வேண்டும். அதனால் டீக்கடையில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பையைத் தட்டிப் பார்த்துக்கொள்வார்.

பை மாட்டிய முதல் நாளே வேறு மாதிரி பலன் தெரிந்தது. தெருவில் நுழைந்ததும் இரண்டு வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. மூன்றாவது வீட்டுப் பாட்டி, "குழு லோனு போன வாரமே கட்டியாச்சு சாமி" என்றாள். நெஞ்சில் பை மாட்டி வருகிற ஆளென்றால் வசூலுக்கு வருகிறவன் என்பது ஊர் வழக்கம்.

ஒகேனக்கல் போனபோது நிலைமை இன்னும் மோசம். பரிசல் ஏற லைஃப் ஜாக்கெட் கட்டாயம். பையின் மேல் ஜாக்கெட் போட்டால் அவசரத்துக்குக் கை போகாது. ஜாக்கெட்டின் மேல் பை போட்டால் பரிசல்காரரே டிக்கெட் கேட்பார். எண்ணெய் மசாஜ்காரர் சட்டையைக் கழற்றச் சொன்னார். சட்டை கழன்றது, பை கழலவில்லை. கடைசியில் ஒரு குரங்கு வந்து ஜிப்பைப் பிடித்து இழுத்தது. ரிவால்வருக்காக அல்ல, முன் அறையில் வறுகடலை இருந்தது. கொள்ளைக்காரனை எதிர்கொள்ளப் பை வாங்கியவர், இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு "ஏய், ஏய்" என்று கத்தியதை ஊரே பார்த்தது.

"காட்டுப் பக்கம் போனா யானை வருமே, அதுக்குத்தான்" என்பது அவருடைய கடைசி வாதம். 2023 பிப்ரவரியில் பாலக்கோடு பக்கம் பயிரை மேய்ந்த மக்னா யானையைப் பிடிக்க மயக்க ஊசியும் கும்கியும் தேவைப்பட்டன. .32 குண்டு யானைக்குக் கோபத்தை மட்டும்தான் உண்டாக்கும். போதாததற்கு, 2022-இல் தர்மபுரி, கிருஷ்ணகிரி காடுகளைச் சேர்த்துக் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவித்துவிட்டார்கள். சரணாலயத்துக்குள் முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழைந்தால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். லைசென்ஸ் இருக்கிறதென்று அங்கே வாதாட முடியாது.

தேர்தல் வந்துவிட்டால் கதையே வேறு. 2024 மார்ச் 16-இல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்ததும் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு ரசீதோடு வந்தார். ஜூனில் முடிவு வந்த பிறகுதான் அது திரும்பக் கைக்கு வந்தது. அத்தனை நாளும் பை நெஞ்சை விட்டு இறங்கவில்லை. உள்ளே ரசீதும் சர்க்கரை மாத்திரையும்தான். அப்போதும் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தட்டு.

இந்த அண்ணனை எங்கேயாவது பார்த்தால் வணக்கம் வையுங்கள், டீ வாங்கிக் கொடுத்தால் குடியுங்கள். பையில் என்ன என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்காமலேயே சொல்லிவிடுவார், கேட்டால் எடுத்துக் காட்டிவிடுவார். அது சட்டப்படி குற்றம்.