சிஸ்டம் மாமா

அடையாற்றில் காந்தி நகர், கஸ்தூரிபா நகர், சாஸ்திரி நகர் எதுவானாலும் சரி, எட்டு வீடோ பன்னிரண்டு வீடோ உள்ள அடுக்ககத்துக்குள் நுழைந்தால் மூன்று பேர் நிச்சயம் இருப்பார்கள். அசோசியேஷன் கணக்கில் எழுபது ரூபாய் எங்கே போயிற்று என்று கேட்பவர் ஒருவர். யார் வண்டியை யார் இடத்தில் நிறுத்தினார்கள் என்று பால்கனியிலிருந்தே சொல்பவர் ஒருவர். மூன்றாமவர் சிஸ்டம் மாமா. முதல் இருவரையும் கண்டுகொள்ளாமல் காலத்தை ஓட்டிவிடலாம். மாமாவை அப்படி ஓரங்கட்ட முடியாது. பாதி வீடுகளின் வைஃபை பாஸ்வேர்டு அவருக்குத்தான் தெரியும்.

வயது எழுபதை ஒட்டி இருக்கும். வங்கிக் கிளைகளுக்குக் கம்ப்யூட்டர் வந்த காலத்தில், வேறு யாரும் கிட்டே போகப் பயந்ததால் அந்தப் பொறுப்பு தலையில் விழுந்தவராக இருப்பார். இல்லையென்றால் தரமணிப் பக்கம் ஏதாவது ஆராய்ச்சிக்கூடத்தில் ஓய்வு பெற்றிருப்பார். சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-ல் ஐ.பி.எம் 370/155 வந்தபோது, துளையிட்ட கார்டுக் கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களில் தானும் ஒருவர் என்பார். தீர விசாரித்தால், நின்றவரோடு ஒரே பஸ்ஸில் போனவர் என்று தெரியவரும். இந்தியாவில் வி.எஸ்.என்.எல் இன்டர்நெட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது 1995 ஆகஸ்டு 15. ஆகவே சுதந்திர தினக் கொடியேற்றத்தில் அவரைப் பேசச் சொன்னால் இரண்டு சுதந்திரத்தையும் சேர்த்தே பேசுவார். மோடம் எழுப்பிய ஓசையைத் தொண்டையாலேயே செய்துகாட்டிய பிறகுதான் குழந்தைகளுக்கு மிட்டாய் கிடைக்கும்.

இவர் கடையில் ரெடிமேடாக விற்கும் கம்ப்யூட்டரை வாங்கமாட்டார். "அதுல நமக்கு என்ன வேலை இருக்கு?" என்பார். இந்த ஒரு வாக்கியத்தில் மாமாவின் முழு ஜாதகமும் அடங்கியிருக்கிறது. ஓடுகிற கம்ப்யூட்டர் அவருக்கு வேண்டாம். ஓட வைக்கவேண்டிய கம்ப்யூட்டர்தான் வேண்டும். அதனால் அண்ணா சாலையிலிருந்து பிரிகிற ரிச்சி தெருவுக்குப் போவார். ஒருகாலத்தில் ரேடியோ உதிரிபாகத்துக்குப் பேர்போன அந்தச் சந்தில் இன்று கம்ப்யூட்டர் வயிற்றுக்குள் இருக்கும் எல்லா உறுப்பும் தனித்தனியாகக் கிடைக்கும். போர்டு ஒரு கடையில், ராம் இன்னொரு கடையில், கேபினெட் பக்கத்து நரசிங்கபுரம் தெருவில். ஒரே கடையில் வாங்கினால் பழுது வரும்போது யாரைத் திட்டுவது என்று தெரிந்துவிடும் அல்லவா? அந்தச் சிறுமைக்கு இடம் தராதவர் மாமா.

வீட்டுக்கு வந்ததும் கூடத்து ஊஞ்சலில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் உதிரிகளை அடுக்குவார். அது முந்தின நாள் தாள். டெண்டர் விளம்பரம் வரை படித்து முடித்தது. வரிவிடாமல் எதையும் படிக்கிற இந்த மனிதர், போர்டோடு வந்த புத்தகத்தை மட்டும் திறப்பதில்லை. "மேனுவல் எல்லாம் தெரியாதவாளுக்கு" என்று அதை மாமியிடம் கொடுத்துவிடுவார். மாமி அதை ஃப்ரிட்ஜின் மேல் வைப்பார். அது அங்கே இருக்கட்டும்.

மாமாவின் சிஸ்டத்தில் நாலு ஹார்டு டிஸ்க் இருக்கும். ஏன் நாலு? பேத்தியின் அரங்கேற்றம், மார்கழிக் கச்சேரிகளின் பதிவு, விசிஆர் டேப்பிலிருந்து மாற்றிய மகன் கல்யாணம், இவற்றோடு முப்பது வருஷத்துக் கரண்ட் பில் முழுவதும் ஸ்கேன் செய்யப்பட்டு அவரிடம் பத்திரமாக இருக்கிறது. இதெல்லாம் ஒரு டிஸ்கை நம்பி இருக்கலாமா? கூடாது. அதனால் ரெய்டு. பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர் 1988-ல் எழுதிய கட்டுரையில் பேர் பெற்ற ஏற்பாடு இது. விலை குறைந்த பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று செத்தாலும் மற்றவை ஈடுகொடுக்கும்படி செய்வது. மாமாவுடையது ரெய்டு ஐந்து: 4 டிபி டிஸ்க் நாலு போட்டால் 12 டிபிதான் கைக்கு வரும். மிச்சம் 4 டிபி, காணாமல்போனதைக் கண்டுபிடிப்பதற்கான கணக்குக்குப் போய்விடும். அந்தக் கணக்கு நாலு டிஸ்கிலும் பரவிக் கிடக்கும்.

இதைக் கேட்கிறவருக்குப் புரியவில்லை என்று தோன்றினால் மாமா ஜன்னலைத் திறந்து தியாசாபிகல் சொசைட்டி இருக்கும் திசையைக் காட்டுவார். "அடையாறு ஆலமரம் பார்த்திருக்கேளோ? எண்பத்தொன்பதுல தாய்மரம் சாஞ்சுபோச்சு. மரம் போச்சா? விழுது தாங்கிண்டு நிக்கறது. அதான் ரெய்டு." சொல்லக் கேட்டால் மெய்சிலிர்க்கும். நானூறு ஆண்டைத் தாண்டிய மரத்தை நாலு டிஸ்குக்கு உவமை சொல்லும் தைரியம் சில்லறை விஷயமல்ல.

விண்டோஸ் போடுகிற அன்று முதல் சோதனை வரும். போர்டில் ரெய்டை முடுக்கிவிட்டால், விண்டோஸ் நிறுவியின் கண்ணுக்கு டிஸ்கே தெரியாது. பென் டிரைவில் தனி டிரைவர் எடுத்துக் கொடுக்கவேண்டும். இது மாமாவுக்கு அத்துப்படி. கொடுப்பார். டிஸ்க் தெரியும். மாமிக்குக் கேட்கும்படி தொண்டையைச் செருமிக்கொள்வார். அவர் வாழ்வின் பொற்கணங்கள் இவைதான் என்பதால் அவசரப்படாமல் ஒரு காபி கேட்பார்.

காபி ஆறுவதற்குள் இரண்டாம் சோதனை. விண்டோஸ் 11 ஹோம், இன்டர்நெட் இல்லாமல் மேலே நகரமாட்டேன் என்று நிற்கும். லேன் கார்டோ புது ரகம்; அதற்கான டிரைவர் விண்டோஸிடம் இல்லை. டிரைவரை எடுக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும்.

இதற்கு ஒரு சின்ன வழி உண்டு. செல்போனை யு.எஸ்.பி வயரில் செருகி, அதன் நெட்டைக் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. மாமாவுக்கும் தெரியும். ஆனால் செய்யமாட்டார். செல்போனிடம் கைநீட்டுவது தோல்வி. தவிர, டிரைவர் என்பது மிக எளிய காரணம். எளிய காரணத்தை முதலில் சோதிப்பது கௌரவக் குறைவு. அவர் வழி வேறு. முதலில் கேபிள். கிரிம்பிங் டூலை எடுத்து முனையை நறுக்கி, "வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு" என்று எட்டு வயரையும் ஸ்தோத்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே புதுத் தலை மாட்டுவார். போன வருஷம் நெட் கனெக்‌ஷன் கொடுக்க வந்த பையன் நாலு வயரை மட்டும் இணைத்ததால் ஜிகாபிட் வரவேண்டிய இடத்தில் நூறு மெகாபிட்டோடு நின்ற கதையை இந்த இடத்தில் சொல்வார். அந்தக் கதை உண்மைதான். அதற்கும் இப்போதைய நோய்க்கும் சம்பந்தமில்லை என்பதுதான் ஒரே குறை.

"நெட் வந்துடுத்தா?"

"வரும்."

"எப்போ?"

"வரும்னு சொல்றேனோல்லியோ?"

கேபிள் சரி. லேன் விளக்கு பச்சையாக மினுக்குகிறது. அப்படியானால் போர்டுதான். பெசன்ட் நகர்க் கடற்காற்று இங்கே வரை வந்து எல்லாத் தகட்டையும் அரிக்கிறது என்பது மாமாவின் நிரந்தரக் கொள்கை. உப்புக்காற்று அரிப்பதும் மெய்தான். ஆனால் நேற்று டப்பா பிரித்த போர்டை ஒரே ராத்திரியில் அரிக்கும் அளவுக்கு வங்காள விரிகுடாவுக்கு மாமாமேல் பகை கிடையாது. பேத்தியின் பென்சில் ரப்பரால் ராமைத் துடைப்பார். நெட் வராது. பிறகு, இந்த வம்சத்துக்கே உரிய கடைசி அஸ்திரம்: போர்டிலுள்ள காசு அளவு பேட்டரியைக் கழற்றி, நூறு எண்ணி, திரும்பப் போடுவார்.

போர்டுக்கு ஞாபகம் அழிந்துவிடும். நேற்று மாமா ரெய்டு போட்டுவைத்ததும் அதோடு சேர்ந்து அழியும். இப்போது நெட்டும் இல்லை, டிஸ்கும் இல்லை. கறுப்புத் திரை.

கேட்பவர்களுக்குத்தான் பதற்றம். மாமாவின் முகத்தைப் பார்த்தால் பத்து வயது குறைந்திருக்கும். காலையில் ஒரு பிரச்சினைதான் இருந்தது, இப்போது இரண்டு. பயாஸுக்குள் போய் ரெய்டைத் திரும்ப முடுக்குவார், டிஸ்குகள் திரும்பிவரும். லேன் கார்டை மன்னிக்க மட்டும் மனம் வராது. மறுநாள் காலையில் மறுபடி ரிச்சி தெரு. தனி லேன் கார்டு ஒன்று வாங்கிவந்து காலியாக இருக்கும் ஸ்லாட்டில் செருகுவார். இது பழைய ரகம், விண்டோஸுக்குத் தெரிந்த முகம். நெட் வந்துவிடும்.

வந்த அதே நிமிஷம் நாலு டிஸ்கில் ஒன்று காணாமல்போகும்.

கார்டைக் கழற்றினால் டிஸ்க் வருகிறது, நெட் போகிறது. போட்டால் நெட் வருகிறது, டிஸ்க் போகிறது. மாமா கடைக்குப் போன் போடுவார். "சார், கார்டு ஓகே சார். டிஸ்க்கும் ஓகே சார். நீங்க என்ன சார் நோண்டினீங்க?" என்று கடைப் பையன் கேட்பான். உலகில் மாமாவை இந்தக் கேள்வி கேட்கத் துணிவுள்ளவர்கள் அவனும் மாமியும்தான்.

காரணம் ஃப்ரிட்ஜின் மேல் இருக்கிறது. நடுத்தர விலை போர்டுகள் பலவற்றில் எல்லா ஸ்லாட்டுக்கும் தனித்தனிப் பாதை கிடையாது. சில ஸ்லாட்டில் எதையாவது செருகினால், குறிப்பிட்ட ஒரு டிஸ்க் இணைப்பு தானாக அணைந்துவிடும். இதை மேனுவலில் அட்டவணைக்கு அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். டெண்டர் விளம்பரத்தைவிடச் சின்ன எழுத்து அல்ல. ஆனாலும் அதைப் படிப்பது விடுமுறைக்கு வந்த பேத்திதான். "தாத்தா, அந்த டிஸ்க்கை வேற போர்ட்ல மாட்டணுமாம்." தாத்தா சற்று நேரம் மோட்டுவளையைப் பார்ப்பார். "நானும் அதைத்தான் நினைச்சுண்டிருந்தேன்" என்பார்.

மாட்டினால் ரீபில்டு தொடங்கும். விலகியிருந்த டிஸ்கை, மற்ற மூன்றையும் படித்துப் படித்து மறுபடி முழுதாக எழுதுவது. வினாடிக்கு 150 எம்பி வேகத்தில் போனால் 4 டிபி முடிய ஏறத்தாழ ஏழரை மணி நேரம். ஏழரை என்றதும் மாமி பெருமூச்சு விடுவார். அவருக்குத் தெரிந்த ஏழரை இதைவிடக் கொடிது அல்ல. அதற்குள் இன்னொரு டிஸ்க் மண்டையைப் போட்டால் ரெய்டு ஐந்தில் எல்லாமே போயிற்று. ஆகவே அந்த ஏழரை மணி நேரமும் வீட்டில் மிக்ஸி ஓடக்கூடாது, ஏ.சி. போடக்கூடாது, யு.பி.எஸ் பக்கம் யாரும் நடக்கக்கூடாது. பராமரிப்புக்காகக் காலை 9 முதல் 2 வரை எந்தெந்தத் தெருவில் மின்தடை என்ற அறிவிப்பைப் பார்த்துத்தான் மாமா ரீபில்டுக்கு நாள் குறிப்பார். நாள் நட்சத்திரத்தில் நம்பிக்கை இல்லை என்று ஊரெல்லாம் சொல்கிறவர், வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள் எதையும் தொடங்கியதாகச் சரித்திரம் இல்லை.

இவ்வளவு காவல் காக்கிற மாமாவிடம் ஒன்று மட்டும் கேட்கக்கூடாது: இந்தப் படம், பாட்டு, கரண்ட் பில்லுக்கெல்லாம் வேறு எங்காவது நகல் இருக்கிறதா? இருக்காது. "அதான் ரெய்டு இருக்கே" என்பார். ஒரு டிஸ்க் செத்தால் ரெய்டு காப்பாற்றும். தப்பான ஃபோல்டரை அழித்தால் நாலு டிஸ்கிலும் சேர்த்தே ஒழுங்காக அழிக்கும். பெட்டியோடு தண்ணீரில் மூழ்கினால் நாலும் ஒற்றுமையாக மூழ்கும். 2015 டிசம்பரில் அடையாறு கரைமீறிக் கோட்டூர்புரம் வீடுகளுக்குள் வந்ததை இந்தப் பேட்டையில் யாரும் மறக்கவில்லை. அப்போது அரிசி மூட்டைக்கு முன்னால் சி.பி.யூ.வை லாஃப்டில் ஏற்றிய மாமாக்கள் இருந்தார்கள். விழுது எத்தனை விட்டாலும் தோட்டம் ஒன்றுதான் என்பதை அவருடைய ஆலமர உவமையிலிருந்தே எடுத்துச் சொன்னேன். உவமையைப் பாராட்டினார். நகல் எடுக்கவில்லை.

இனி அந்தப் பழைய லேன் கார்டு. மாமா ஆனந்தமாகத் தூங்குகிற ஒரு மதியத்தில், பேத்தி தன் செல்போனைச் செருகி டிரைவரை இறக்கிவிடுவாள். போர்டிலேயே இருந்த லேன் சிறிதும் பழுதில்லாமல் வேலை செய்யும். ரிச்சி தெருக் கார்டுக்கு வேலை இல்லை. இதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று பாட்டியும் பேத்தியும் கலந்து பேசி, வேண்டாம் என்று முடிவெடுப்பார்கள். சொன்னால், ஒரு சிஸ்டத்தில் இரண்டு லேன் கார்டு இருப்பதால் என்னென்ன செய்யலாம் என்று ஆரம்பித்துவிடுவார்.

கேலி ஒருபுறம் இருக்கட்டும். இரவு பதினோரு மணிக்கு நம் வீட்டு நெட் அறுந்து, காலையில் பிள்ளைக்கு இன்டர்வியூ என்றால், கால் சென்டரில் இசைதான் கேட்கும். மாமா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு டார்ச்சோடு வந்து நிற்பார், பைசா வாங்கமாட்டார். நம் வீட்டு நோயை அவர் வழக்கமாக அரைமணியில் தீர்த்துவிடுகிறார். சொந்த சிஸ்டத்துக்குத்தான் ஒரு வாரம்.

ஆகையால் புதுக் கம்ப்யூட்டர் வாங்கப்போகிற அடையாறுவாசிகளுக்கு ஒரு வார்த்தை. போர்டின் புத்தகத்தைப் படித்துவிடுங்கள். லேன் டிரைவரை முன்கூட்டியே பென் டிரைவில் போட்டு வையுங்கள். முக்கியமானதற்கெல்லாம் ஒரு நகல் எடுத்து அக்கா வீட்டிலோ மச்சினன் வீட்டிலோ கொடுத்துவையுங்கள். இவ்வளவும் செய்துவிட்டால் மாமாவைக் கூப்பிடவேண்டிய தேவையே இருக்காது. இருந்தாலும் கூப்பிடுங்கள், நல்ல டிகாக்‌ஷனில் காபி கொடுங்கள். கேபினெட் மூடியின் திருகாணிகளை மட்டும் அவர் வருவதற்குமுன் இறுக்கி முடுக்கிவிடுங்கள்.