வில்க்ஸ்பரோவின் ஒரு கிலோமீட்டர்

2008 அக்டோபர். அமெரிக்காவின் வட கரோலினாவில், சார்லட் நகரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம். புளூ ரிட்ஜ் மலையில் இலை சிவக்கும் பருவம் என்று ஒரு சனிக்கிழமை நண்பரோடு கிளம்பினேன். வழியில், 421-ஆம் நெடுஞ்சாலையை ஒட்டி, வரிசை வரிசையாகக் காலி கேலரி தெரிந்தது. வண்டியைத் திருப்பினேன். அதுதான் நார்த் வில்க்ஸ்பரோ ஸ்பீட்வே என்ற கார் பந்தய மைதானம்.

கேட்டில் சங்கிலி. கம்பிவேலி வழியாகப் பார்த்தால், படிகளின் விரிசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பைன் கன்று. பந்தயத் தொடரின் பழைய பெயரான ‘வின்ஸ்டன் கப்’ என்ற எழுத்தில் சிவப்பு வெளிறிப்போயிருந்தது. அங்கே பெரிய பந்தயம் நின்று 12 வருடம் ஆகியிருந்தது. பக்கத்து பெட்ரோல் பங்கில் காபி வாங்கும்போது, கல்லாவில் இருந்த பெரியவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். அரை மணி நேரம் பேசினார். காபிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். இந்த ஊர்க் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

அந்தக் காலத்தில் இங்கே மலைச்சரிவில் விளைந்த மக்காச்சோளத்தை மூட்டையாகச் சந்தைக்குக் கொண்டுபோனால் வண்டிக்கூலிக்கே சரியாகிவிடும். ஊறல் போட்டுச் சாராயமாகக் காய்ச்சினால் குடும்பம் பிழைக்கும். வரி கட்டாத சரக்கு என்பதால் ராத்திரியில்தான் கடத்தல். வெளியே பார்க்கச் சாதாரண ஃபோர்டு கார். உள்ளே முடுக்கிய எஞ்சின். பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் தாழாமலிருக்கக் கனத்த ஸ்பிரிங். வரித்துறை அதிகாரிகளிடம் சிக்காமல் மலைப்பாதையில் ஓட்டிப் பழகிய பையன்களுக்கு, தங்களில் யார் கெட்டிக்காரன் என்று பார்த்துவிட ஓர் இடம் வேண்டியிருந்தது. இனோக் ஸ்டேலியும் கூட்டாளிகளும் 1947-இல் அந்த இடத்தைக் கட்டினார்கள்.

அப்போது அது மண் தடம். ஒரு சுற்று 0.625 மைல், நம் கணக்கில் ஒரு கிலோமீட்டர். நிலத்தைச் சமன்படுத்தி முடிப்பதற்குள் கையிலிருந்த பணம் தீர்ந்துவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். அதனால் முன்பக்க நேர்பாதை இறக்கம், பின்பக்கம் ஏற்றம். பிறகு யாரும் அதைத் திருத்தவில்லை. இன்று கப் தொடர் என்று வழங்கும் நாஸ்கார் பந்தயத் தொடர் 1949-இல் தொடங்கியபோது, அந்த வருடத்தின் கடைசிப் பந்தயம் இங்கேதான் நடந்தது. 1950-களின் பிற்பகுதியில் தார் போட்டார்கள்.

இதே வில்க்ஸ் கவுண்டியில், ரோண்டாவில் பிறந்தவர் ஜூனியர் ஜான்சன். அப்பாவின் சாராய அடுப்படியில் 1956-இல் பிடிபட்டுச் சிறைக்குப் போனார். கப் தொடரில் 50 பந்தயம் ஜெயித்தார். 1986-இல் அதிபர் ரீகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். ஊரில் அவர் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் முகம் மலரும்.

ஸ்டேலி 1995-இல் காலமானார். மைதானத்தை வெளியாட்கள் இருவர் பாதிப் பாதியாக வாங்கினார்கள்: புரூட்டன் ஸ்மித், பாப் பஹ்ரே. அவர்களுக்கு வேண்டியிருந்தது நாஸ்கார் அட்டவணையில் இந்த ஊருக்கு இருந்த இரண்டு தேதிகள்தான். ஒன்று டெக்சாஸுக்குப் போனது, இன்னொன்று நியூ ஹாம்ப்ஷயருக்கு. 1996 செப்டம்பர் 29-இல் ஜெஃப் கார்டன் ஜெயித்ததோடு கதவை மூடினார்கள். சுமார் நாலாயிரம் பேர் வாழும் ஊர். 1921-இல் இங்கே ஒற்றைக் கடையாகத் தொடங்கிய லோஸ் சில்லறை வணிக நிறுவனமும் தன் தலைமையகத்தை வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டது. கல்லாவில் இருந்த பெரியவரின் குரலில் அன்று நான் கேட்ட கசப்புக்கு இதெல்லாம் காரணம்.

மைதானம் மறுபடி உயிர் பெற்றதற்கு ஒரு கணினி விளையாட்டு காரணம் என்றால் நம்பச் சிரமம்தான். பந்தய வீரர் டேல் அர்ன்ஹார்ட் ஜூனியர், தடம் அடியோடு அழிவதற்குள் அந்த விளையாட்டிலாவது அதன் டிஜிட்டல் வடிவம் மிஞ்சட்டும் என்று நினைத்தார். 2019 டிசம்பரில் ஆட்களோடு வந்து புல் செதுக்கித் தடத்தைச் சுத்தம் செய்தார். லேசர் கருவியால் ஒவ்வோர் அங்குலமும் அளந்து பதிவு செய்யப்பட்டது. மறுவருடம் கொரோனா முடக்கத்தின்போது, வீட்டிலிருந்தபடி வீரர்கள் அந்தத் திரைத் தடத்தில் போட்டியிட்டதைப் பார்த்தவர்களுக்கு நிஜத் தடத்தின் மேல் ஏக்கம் வந்துவிட்டது. 2021-இல் மாநில அரசு 1.8 கோடி டாலர் ஒதுக்கியது. மைதானம் ஸ்மித்தின் நிறுவனத்திடம்தான் இருந்தது. அவருடைய மகன் மார்கஸ் முன்னின்று புதுப்பித்தார். தகப்பன் கொண்டுபோன பந்தயத்தை மகன் கொண்டுவந்தார். எனக்குப் பழைய கோபம் முழுக்கத் தீரவில்லை, நன்றியும் குறைவில்லை.

புதுப்பித்த மைதானத்தில் பந்தயம் நடந்த 2023 மே 21 அன்று மறுபடி போனேன். சாலையோரம் வீட்டுக்கு வீடு முற்றத்தில் கார் நிறுத்த இடம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் காசு வாங்கிய அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். சின்ன வயதில் தன் பள்ளிச் செலவுக்கு இந்த முற்றத்துக் காசுதான் என்றார். அந்த வருமானம் நின்று 27 வருடம்.

அன்று கைல் லார்சன் ஜெயித்தார். தடத்தின் தார் கடைசியாக 1981-இல் போட்டது. மணல் காகிதம்போல் டயரைத் தின்றது. கம்பிவேலியோரம் நின்ற என் கன்னத்தில் சூடாக ஒன்று பட்டது. எடுத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் நகத்தளவு டயர் ரப்பர், விளிம்பு சுருண்டு, பிசுபிசுவென்று. அதை இன்னும் வைத்திருக்கிறேன். அந்தப் பந்தயத்துக்குப் பிறகு பழைய தாரைப் பெயர்த்துப் புதுசு போட்டுவிட்டார்கள். மனசு கேட்கவில்லைதான்; ஆனால் அது பெயர்ந்துகொண்டிருந்தது, வேறு வழியில்லை.

2024-இல் கேலரியைச் சீர்படுத்தும்போது அடியில் ஒரு குழிவறை தெரிந்தது. சாராயம் காய்ச்சிய இடமாக இருக்கலாம் என்று மைதானத்தாரே அறிவித்தார்கள்.

சார்லட் பக்கம் இருப்பவர்களுக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. நகரத்துப் பெரிய ஸ்பீட்வேயை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். இது ஒன்றரை மணி நேரப் பயணம். மேல்வரிசையில் டிக்கெட் எடுங்கள். பணம் தீர்ந்துபோனதால் விட்டுவைத்த அந்த ஏற்றமும் இறக்கமும் அங்கிருந்து பார்த்தால்தான் விளங்கும்.