புட்டப் சார்

தாலுகா ஆபீசுக்கு ஒரு புட்டப் சார் கட்டாயம் உண்டு. அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கும்.

"சார், என் பட்டா மாறுதல் மனு..."

"புட் அப் பண்ணியாச்சுங்களே, ஐயா."

"யாருக்குங்க?"

"மேல."

சொல்லிக்கொண்டே கண்ணை உயர்த்துவார். மனு கொடுத்த பெரியவரும் அண்ணாந்து பார்ப்பார். அங்கே மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருக்கும்.

குறிப்பு எழுதி, கோப்பை அதிகாரியின் உத்தரவுக்கு வைப்பதற்குத்தான் 'புட் அப்' என்று பெயர். தமிழை ஆட்சிமொழியாக்கி 1956இல் சட்டம் வந்தது. கோப்பு தமிழுக்கு மாறியது. சாரின் வாய் மாறவில்லை. எழுதும்போது 'பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது', எழுந்து நின்றால் 'புட் அப்'. இதே சொல்லுக்குப் பின்னால் ஒரு 'வித்' சேர்த்துவிட்டால் ஆங்கிலத்தில் சகித்துக்கொள்வது என்று அர்த்தம். அந்த 'வித்' முழுக்கப் பெரியவரின் பங்கு.

மேலே போன கோப்பு சில சமயம் கீழேயும் வரும். ஓரத்தில் அதிகாரி 'பேசவும்' என்று எழுதியிருப்பார். சாருக்கு அன்றைக்குத் தீபாவளி. அவர் பேசப் போகும்போது அதிகாரி முகாமில் இருப்பார். அதிகாரி இருக்கும்போது இவர் டீக்கடையில் இருப்பார். இருவரும் சந்தித்துவிட்டால் கோப்பு மறுபடி புட் அப் ஆகும்.

நேர்மையானவர்தான், கை நீட்ட மாட்டார். அதனால்தான் அவரைத் திட்டவும் மனசு வராது. பொய்யும் சொல்வதில்லை, மேசையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு நகர்த்தினாலும் அது அவர் கணக்கில் புட் அப்தான். வீட்டில் மகள் டூர் போகப் பணம் கேட்டால், "அம்மாவுக்கு புட் அப் பண்ணும்மா" என்பார். அங்கே உத்தரவு ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். நிர்வாகம் என்றால் அது.

இப்போது கோப்பெல்லாம் கணினிக்கு வந்துவிட்டது. சார் திண்டாடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் புட் அப்புக்கு ஒரு ஜோடி பிடித்துவிட்டார்: "சர்வர் டவுன்."

மனுவோடு போகிறவர்களுக்கு ஒன்று. 'மேல' என்றால் அண்ணாந்து பார்க்காதீர்கள், கோப்பின் ந.க. எண் என்ன, எந்தத் தேதியில், யாரிடம் போனது என்று கேளுங்கள். அப்போதும் பதில் வராவிட்டால் 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் கெடு. அந்த மனுவை மட்டும் சார் நிஜமாகவே புட் அப் பண்ணுவார்.