முப்பதாயிரம் மூட்டைப் பாட்டு

போன புரட்டாசி முதல் சனிக்கிழமை ராத்திரி நானும் சித்தப்பாவும் நெல்லுக்குக் காவல் படுத்திருந்தோம். குறுவையை அறுத்து, கொள்முதல் நிலையத்துக் களத்தில் கொட்டி, எங்கள் முறைக்காகக் காத்திருந்த நேரம். மேற்கே மின்னிக்கொண்டிருந்தது. படுதாவின் ஒரு மூலையில் அவர், எதிர் மூலையில் நான். காற்று தூக்காமல் இருக்கச் செங்கல் வைப்பார்களே, அந்த உத்தியோகத்துக்குத்தான் வீட்டில் எங்களை அனுப்பியிருந்தார்கள்.

கொசு தூங்கவிடவில்லை. செல்போனை எடுத்தால் மாஸ்கோவில் ‘இன்டர்விஷன்’ என்று ஒரு பாட்டுப் போட்டி. தேதி 2025 செப்டம்பர் 20. இருபத்து மூன்று நாடுகள் பெயர் கொடுத்திருந்தன, அதில் இந்தியாவும் உண்டு என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நம் நாட்டுக்காக ரௌஹான் மாலிக் என்ற பாடகர் ‘இஷ்க்’ என்ற பாட்டோடு போயிருந்தார்.

“யாருடா அந்தத் தம்பி?”

“இந்தியா சார்பா பாடுறாரு சித்தப்பா.”

“நம்மள யாரும் கேக்கலையே?”

நியாயம்தான். கிரிக்கெட்டுக்குப் பதினோரு பேரை எடுத்தால் பன்னிரண்டாவது ஆள் யார் என்பதுவரை எங்கள் டீக்கடையில் விவாதம் நடக்கும். பாட ஒருவரை அனுப்பியிருக்கிறார்கள். தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

“ஜெயிச்சா என்ன குடுப்பான்?”

“மூணு கோடி ரூபிள். ரூபிளும் ரூபாயும் இப்ப ஏறக்குறைய ஒண்ணுதான்.”

சித்தப்பா விரல் விட்டு எண்ணினார். பொது ரகம் குவிண்டால் 2,500 ரூபாய். பன்னிரண்டாயிரம் குவிண்டால். நாற்பது கிலோ மூட்டையாகப் பிடித்தால் முப்பதாயிரம் மூட்டை. “ஒரே ஒரு பாட்டுக்கா?” என்று கேட்டுவிட்டு, தன் பக்கத்துப் படுதாவை இன்னும் கொஞ்சம் இழுத்து முழங்காலுக்கடியில் செருகிக்கொண்டார்.

இந்தப் போட்டிக்குப் பின்னால் ஒரு பங்காளிச் சண்டை இருக்கிறது. ஐரோப்பாவில் யூரோவிஷன் என்று ஒன்று 1956-லிருந்து நடக்கிறது. ஸ்விட்சர்லாந்தின் லுகானோ நகரில் ஏழே நாடுகளோடு ஆரம்பித்தது. உக்ரைனுக்குள் படையோடு புகுந்ததால் 2022-இல் ரஷ்யாவை அதிலிருந்து விலக்கிவைத்தார்கள். ரஷ்யா என்ன செய்தது? சோவியத் காலத்தில் நடந்து நின்றுபோன இன்டர்விஷனைத் தூசு தட்டி எடுத்தது. எங்கள் தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. திருவிழாவில் பரிவட்டம் கிடைக்காதவர் தனியாக ஒரு கோயில் கட்டிக் கும்பாபிஷேகம் பண்ணுவதை எத்தனை ஊரில் பார்த்திருக்கிறோம். அவ்வளவு ஏன், திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையே ஒரு காலத்தில் பெரிய கட்சி, சின்ன கட்சி என்று இரண்டாகத்தான் நடந்தது. பெண்களைப் பாடவிடவில்லை என்று பெங்களூர் நாகரத்தினம்மாள் மூன்றாவதாக ஒன்றைத் தொடங்கினார். 1940-இல்தான் எல்லாரும் ஒரு பந்தலுக்குள் வந்து சேர்ந்தார்கள். ஐரோப்பாவுக்கு அந்த வருஷம் வருவதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

மாஸ்கோவிலும் கூத்துக்குக் குறைவில்லை. அமெரிக்காவுக்காகப் பாட இருந்தவர் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். அவரும் கடைசி நேரத்தில் மேடையேறவில்லை. ரஷ்யப் பாடகர் பாடி முடித்துவிட்டு, எனக்கு மார்க் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டார். வீட்டுக் கல்யாணத்தில் தாய்மாமன் பந்தியில் உட்காராமல் சாம்பார் வாளியோடு நிற்பாரே, அந்தப் பெருந்தன்மை.

சித்தப்பா சீவல் டப்பாவைத் திறந்தார். பச்சை நிற பிளாஸ்டிக் சோப்பு டப்பா. அதைப் பார்த்ததும் எனக்கு வழக்கம்போல வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் அது என் பரிசு.

ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை வட்டார அளவிலான பாட்டுப் போட்டிக்கு எங்கள் பள்ளியின் சார்பாக நான்தான் போவேன். நன்றாகப் பாடுவேன் என்பதற்காக இல்லை. அழாமல் மேடையில் நிற்கக்கூடிய பையன் நான் ஒருவன்தான். ஐந்து வருஷமும் ஆறுதல் பரிசு. ஐந்து வருஷமும் சோப்பு டப்பா. எட்டாம் வகுப்பில் ஒரு தடவை சுருதிப்பெட்டி ஒரு வழி, நான் ஒரு வழி என்று போய், நடுவர் கண்ணை மூடிக்கொண்டார். ரசிக்கிறார் என்று நினைத்து இன்னும் ஒரு கட்டை ஏற்றினேன். மறு வருஷம் போகமாட்டேன் என்று அடம்பிடித்தபோது அப்பா, “பாவம், அவன விட்டுடு” என்றார். அம்மாதான் விடவில்லை. “நீங்க வாங்கித்தருவீங்களா சோப்பு டப்பா?” எங்கள் வீட்டில் கடுகு, ஊசிநூல், சில்லறை, கீரை விதை எல்லாம் என் தோல்விகளில்தான் இருந்தன. ஐந்தாவதைச் சித்தப்பா சீவலுக்கு எடுத்துக்கொண்டார்.

ஆகவே நார்வே நாட்டின்மேல் எனக்குத் தனிப் பிரியம். யூரோவிஷனில் 1963, 1978, 1981, 1997 என்று நான்கு முறை சுத்தமாகப் பூஜ்யம் வாங்கிய நாடு அது. நடுநடுவே மூன்று முறை ஜெயித்தும் இருக்கிறது. பிரிட்டனுக்கு 2021-இல் பூஜ்யம், அடுத்த வருஷமே இரண்டாம் இடம். மறுபடி போகாமல் இருந்திருந்தால் பூஜ்யம் பூஜ்யமாகவே அலமாரியில் இருந்திருக்கும். அந்த ராத்திரிக்குப் பிறகு, ஏழு முறை ஜெயித்த அயர்லாந்து, இஸ்ரேல் பாடும் மேடையில் நாங்கள் பாடமாட்டோம் என்று காஸாவை முன்னிட்டு 2026 போட்டியிலிருந்து விலகியது. ஸ்பெயின், நெதர்லாந்து, ஸ்லோவேனியா, ஐஸ்லாந்தும் கூடவே விலகின. அது வேறு கணக்கு. அவர்கள் விலகியது மானத்தை முன்னிட்டு. நான் விலகப் பார்த்தது மானம் போன பிறகு.

“தஞ்சாவூர்க்காரன் ஒரு தரம் ஜெயிச்சிட்டு நிறுத்திக்கிட்டான்டா, அதுதான் கெட்டிக்காரத்தனம்” என்றார் சித்தப்பா. அவர் சொன்னது சியாமா சாஸ்திரி கதை. பொப்பிலி கேசவய்யா என்று ஒரு வித்வான், ஊர் ஊராகப் போய் எல்லாரையும் தோற்கடித்துவிட்டுத் தஞ்சாவூர் அரண்மனைக்கு வந்தாராம். விருதுப் பெயர் ‘பூலோக சாப சுட்டி’, அதாவது பூலோகத்தையே பாய்போலச் சுருட்டியவர். இங்கே எல்லாருக்கும் உதறல். மேல வீதி பங்காரு காமாட்சி கோயிலில் பூஜை செய்துகொண்டிருந்த சாஸ்திரியை இழுத்துவிட்டார்கள். அவர் அம்மனிடம் முறையிட்டுச் சிந்தாமணி ராகத்தில் ஒரு கிருதி பாடிவிட்டுச் சபைக்குப் போய், தாளத்திலேயே கேசவய்யாவை மடக்கினார் என்பது செவிவழிக் கதை. பூலோகத்தைச் சுருட்டியவர் தன் பாயைச் சுருட்டினார். இருநூறு வருஷமாக அந்தக் கோப்பையை நாங்கள் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருக்கிறோம். சித்தப்பா சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. சாஸ்திரியாவது ஒரு தரம் போனார்.

மார்க் போடுவது மட்டும் எந்த ஊரிலும் உருப்படவில்லை. யூரோவிஷனில் கிரீஸும் சைப்ரஸும் ஒருத்தருக்கொருத்தர் பன்னிரண்டு புள்ளி மொய் எழுதிக்கொள்வதைக் கூட்டமே கேலி செய்யும். மாநிலங்களுக்குள் இப்படி ஒரு போட்டி வைத்தால் எங்கள் கதி என்ன? கர்நாடகம் நமக்குப் பன்னிரண்டு புள்ளி தரவேண்டியிருக்கும். தராது. கோர்ட்டுக்குப் போவோம். காவிரித் தீர்ப்பாயம் தந்த 192 டி.எம்.சி. 2018-இல் உச்ச நீதிமன்றத்தில் 177.25 ஆனதுபோல, பன்னிரண்டு புள்ளி பதினொன்று சொச்சமாகும். அதையும் ஜூனுக்கு இவ்வளவு, ஜூலைக்கு இவ்வளவு என்று பிரித்து, பிலிகுண்டுலுவில் அளந்து விடுவார்கள். கடைமடைக்கு அரைப் புள்ளி வந்து சேர்வதற்குள் அடுத்த வருஷப் போட்டி வந்துவிடும்.

எதையெதையோ யோசித்துக்கொண்டே அன்றைக்குத் தூங்கிப்போனேன். காலையில் பார்த்தால் ஜெயித்தது வியட்நாம். தூக் ஃபூக் என்பவர் பாடியிருக்கிறார். அவர்கள் ஊர் நாட்டார் கதை ஒன்றிலிருந்து எடுத்த பாட்டு: மூன்று வயதுவரை வாய் திறக்காத ஒரு பிள்ளை, பகைவன் வந்துவிட்டான் என்று தெரிந்ததும் பேச ஆரம்பித்து, ஊரே கொண்டுவந்து கொட்டிய சோற்றைத் தின்று, ஆகாசத்துக்கு வளர்ந்து, இரும்புக் குதிரையில் ஏறிப்போய்ப் பகைவனை விரட்டியது.

சித்தப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. “சோத்துக்கு ஃபர்ஸ்ட் பிரைஸா! அப்ப நாமளும் போகலாம்டா. நம்மகிட்ட இல்லாத சோறா? நடவுப் பாட்ட அனுப்பு.”

அனுப்பலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் பாதி வயலில் மெஷின் நடுகிறது. மீதியில் மேற்கு வங்காளத்திலிருந்து வந்த ஆட்கள் மடமடவென்று நட்டுக்கொண்டே போகிறார்கள். அவர்கள் பாடினால் வங்காளத்தில் பாடுகிறார்கள். தஞ்சாவூர் மண்ணின் அசல் நடவுப் பாட்டு என்று ஒன்றை இன்று அனுப்பினால், மேடையில் மொழிபெயர்ப்பாளர் எங்களுக்கும் வேண்டும். அதனால் என்ன, அதையே அனுப்பலாம் என்பது என் கட்சி. அடுத்த போட்டி சவுதி அரேபியாவில் என்று அறிவித்திருக்கிறார்கள். பிரியாணிக்கு அரிசி நம் நாட்டிலிருந்து போகிறது, பாட்டும் போகட்டுமே.

பத்து மணிக்கு எங்கள் நெல்லுக்கு அழைப்பு வந்தது. ஒரு கை நெல்லை ஈரப்பதக் கருவியில் போட்டார்கள். பதினேழுக்குள் இருக்கவேண்டும். நானும் சித்தப்பாவும், நடுவர் மேஜைக்கு முன் நிற்கும் பையன்கள்போல, கருவியின் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பதினெட்டரை.

“காயப்போட்டு எடுத்துக்கிட்டு வாங்க.”

சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குவியலில் இறங்கி, காலாலேயே நெல்லைச் சால் சாலாகத் துழாவ ஆரம்பித்தார். நான் படுதாவை மடித்தேன். வெயில் சுள்ளென்று இருந்தது. பாதிக் களம் போனதும் நின்று, மடியிலிருந்து பச்சை டப்பாவை எடுத்து, ஒரு சிட்டிகை சீவலை வாயில் போட்டு, டப்பாவை டக்கென்று மூடினார்.

“மூடி இன்னும் கெட்டியா இருக்கு பாரேன். எந்த வருஷத்துத் தோல்விடா இது?”

“பத்தாவது சித்தப்பா.”

“நல்ல வருஷம்” என்றார்.