ஆறாம் படத்தில் ஒளிந்திருக்கும் வெயில்

பெறுநர்: காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு (ஐ.பி.சி.சி.), ஜெனிவா.

பொருள்: ஊரறிய வெளியிட்ட செய்தியை ஊருக்குத் தெரியாமல் காத்தமைக்குப் பாராட்டு.

மதிப்பிற்குரிய பெரியோர்களே,

1988-இல் தோன்றி, 2007-இல் அமைதிக்கான நோபல் பரிசிலும் பங்கு பெற்ற தங்களுக்கு ஒரு சாமானியனின் வணக்கம். 2021 ஆகஸ்டில் தாங்கள் வெளியிட்ட அறிக்கை கண்டேன். 234 அறிஞர்கள், 14,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகள், 2,000-ஐத் தாண்டும் பக்கங்கள். பொதுஜனம் எவனும் உள்ளே நுழைந்துவிடாமலிருக்க இதைவிட நல்ல காவல் கிடையாது.

சுருக்கமும் போட்டிருக்கிறீர்கள், ஆனால் அது கொள்கை வகுப்போருக்கு. அரசுப் பிரதிநிதிகள் உட்கார்ந்து, வரி வரியாகப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அது வெளிவருகிறது. பெட்ரோலியம் விற்கும் அரசுகளுக்கும் அங்கே நாற்காலி உண்டு. வெயிலில் நிற்பவனுக்குத்தான் இல்லை.

பூமி 1.1 டிகிரி சூடேறிவிட்டது என்றீர்கள். "இவ்வளவுதானா? ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் போச்சு" என்கிறார்கள் எங்கள் தெருவில். அது கடலையும் சேர்த்துப் போட்ட சராசரி; தரை மட்டும் அப்போதே ஏறக்குறைய 1.6 டிகிரி ஏறியிருந்தது. அந்தக் காலத்தில் பத்தாண்டுக்கு ஒருமுறை வந்த கடும் வெப்பம், அறிக்கை வந்தபோதே பத்தாண்டில் 2.8 முறை வந்துகொண்டிருந்தது. உயர்வு 2 டிகிரியைத் தொட்டால் 5.6 முறை வரும். தெருமுனைத் தட்டியில் எழுத வேண்டிய இந்தக் கணக்கைச் சுருக்கத்தின் ஆறாம் படத்தில் பத்திரப்படுத்திய தங்கள் அடக்கத்தை என்னென்பது!

99 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பிருந்தாலும் 'ஏறத்தாழ நிச்சயம்' என்றே சொல்கிறீர்கள். எங்கள் ஜோசியரைப் பாருங்கள்: எதையும் அடித்துத்தான் சொல்வார், பலிக்காவிட்டால் பரிகாரம் செய்யாத நம் மீதே பழி. தாங்களும் 2022-இல் பரிகாரத்துக்கென்றே தனி அறிக்கை போட்டீர்கள். ஜோசியருக்குக் கிடைக்கும் தட்சிணைதான் தங்களுக்குக் கிடைக்கவில்லை.

எதிர்த்தரப்புக்கு இந்தச் சிரமமே இல்லை. 2015 பிப்ரவரியில் அமெரிக்க செனட் அவைக்குள் செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப் ஒரு பனி உருண்டையோடு வந்தார். வெளியே பனி கொட்டும்போது பூமி சூடாவதாவது? வாதம் முடிந்தது. அப்போது செனட்டின் சுற்றுச்சூழல் குழுவுக்குத் தலைவரும் அவர்தான்.

ஆகவே ஒரு விண்ணப்பம். அடுத்த அறிக்கைக்கு, பஸ் வருவதற்குள் படித்து முடிக்கும் அளவில் ஒரு சுருக்கம் வேண்டும். அதையும் அரசுகள் வரி வரியாகத் திருத்தட்டும். ஆனால் கூட்டம் மே மாத நடுப்பகலில், நிழற்குடை இல்லாத எங்கள் பஸ் ஸ்டாப்பில் நடக்கட்டும். அரை மணி நேரத்தில் எல்லா வரிக்கும் எல்லா நாடும் சம்மதிக்கும் என்பது என் கணிப்பு. உறுதிநிலை: மிக மிக உயர்வு.

இப்படிக்கு,
கொள்கை எதையும் வகுக்காதவன்